ஏழாவது ஆள்

— கழுத்துப் பட்டைதான் விட்டுப்போயிருக்கு, வாத்து. ரெண்டு தையல் போட்டாப் போதும்.

— ரெண்டு தையலா? கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாருக்கா. தோள்ல பிரிஞ்சிருக்கு, அக்குள்ல பிரிஞ்சிருக்கு, முதுகுல நம்பர் பாதி உரிஞ்சு தொங்குது. இது சட்டையா சல்லடையா? விட்டுட்டுப் போ, மிஷின் துடைக்க ஆகும்.

— நம்பரையும் சேர்த்துத் தைச்சுடு.

— ஒன்பதாம் நம்பரை. என் கையாலேயே. இத்தனை வருஷமா இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்காதவ, இன்னைக்குக் கடைப் படியேறி வந்து கேக்குறே. ஊர்ல வேற டெய்லரே கிடையாதா?

— முதல்ல தைச்சது நீதானே. ஆபரேஷன் தியேட்டர்ல கழிச்சுப் போட்ட பச்சைத் துணி அது. நாம வேலை பாத்த ஆஸ்பத்திரி லாண்டரியில மூட்டை மூட்டையா கிடந்துச்சு. நீதான் வெட்டித் தைச்சு பதினோரு சட்டையாக்குனே.

— ஐஸ் வைக்காதே, உனக்கு அது வராது. கோல் போஸ்ட்டுக்கு நடுவுல மேட்ச் முடியுற வரைக்கும் வாயைத் திறக்காம நிப்பே, அதனாலதானே பூட்டுன்னு பேரு வச்சோம். பூட்டக்காவே இவ்வளவு பேசுதுன்னா ஏதோ பெருசா கேக்க வந்திருக்கு. என்னன்னு சொல்லிடு, எனக்கு வேலை கிடக்கு.

— நாளைக்கு மேட்ச் இருக்கு.

— இருக்கட்டும்.

— நீ வரணும்.

— எதுக்கு, கைதட்டவா?

— ஆடறதுக்கு.

— இரு, வாயில இருக்கிற ஊசியை எடுத்து வச்சுட்டுச் சிரிக்கிறேன். அக்கா, என்னை நல்லாப் பாரு. மிஷின் முன்னாடி உக்காந்து உக்காந்து இடுப்பு எந்த அகலம் ஆயிருக்குன்னு பாரு. மாடிப்படி ஏறுனா பாதியில நின்னு மூச்சு வாங்குறேன். ஃபுட்பால் கிளப்ல பொண்ணுங்களுக்கு அவ்வளவு பஞ்சமா?

— பஞ்சம்தான். இருந்த பொண்ணுங்க எல்லாம் புது அகாடமிக்குப் போயிட்டாங்க. அங்க புல்லுத் தரை, ராத்திரி லைட்டு, வீட்டு வாசல்லயே வந்து ஏத்திக்கிற பஸ்ஸு. நான் என்ன கொடுக்க முடியும்? லாண்டரிக்குப் பின்னாடி ஒரு மண் தரை. அதுவும் மழை பெய்ஞ்சா சோப்புத் தண்ணி தேங்கி நிக்குது. போங்கடின்னு நானேதான் அனுப்பி வச்சேன்.

— அப்புறம் என்ன மேட்ச் வேண்டிக்கிடக்கு? இல்லைன்னு சொல்லிட வேண்டியதுதானே.

— இந்த சீசன்ல ரெண்டு தடவை சொல்லியாச்சு. ஏழு பேராவது தரையில நிக்கணும், இல்லைன்னா மேட்ச்சையே ஆரம்பிக்க மாட்டாங்க. ரெண்டு தடவையும் நான் மட்டும் கையுறை போட்டுக்கிட்டுப் போயி நின்னேன். எதிர் டீம் பொண்ணுங்க என்னைப் பாத்துச் சிரிக்கக்கூட இல்ல. பாவமா பாத்துச்சுங்க. அதுதான் தாங்கல. நாளைக்கும் ஏழு பேர் இல்லைன்னா லீக்லேருந்து நம்ம பேரை எடுத்துடுவாங்க.

— எடுத்தா எடுக்கட்டும்.

— கிளப் லீக்ல இருக்கிற வரைக்கும்தான் கிரவுண்டு நமக்கு. நம்ம டீமைச் சேர்த்த பெரியக்கா ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட பேசி வாங்கி வச்ச ஏற்பாடு அது. பேரு போச்சுன்னா மறுநாளே கம்பி வேலி போட்டுடுவாங்க. கார் நிறுத்துற இடமாம். கோடு எல்லாம் இப்பவே போட்டுப் பாத்துட்டாங்க.

— கார் நிறுத்துறதுக்கா?

— ம்.

— டெய்லரம்மா, எம்பொண்ணு பாவாடை ஆயிடுச்சா? திங்கக்கிழமை ஸ்கூல் திறக்குது.

— வாங்கம்மா. மடிப்பு மட்டும்தான் பாக்கி. நாளைக்குக் காலையில வந்துடுங்க, ஞாயித்துக்கிழமையும் கடை உண்டு.

— போன தடவையும் இதையேதான் சொன்னீங்க.

— இந்தத் தடவை மாறாதும்மா. காலையில வாங்க. பாத்தியாக்கா, என் பொழைப்பு இதுதான். அந்த மூலையில குவிஞ்சு கிடக்கிற நீலத்துணி அத்தனையும் நாளைக்குள்ள முடியணும். நான் பந்தைத் துரத்தவா, பாவாடைக்கு மடிப்பு வைக்கவா?

— துரத்த வேணாம். நின்னாப் போதும். ஓரமா ஒரு இடத்துல நில்லு, பந்து வந்தாக்கூட விட்டுடு. எத்தனை கோல் போட்டாலும் நான் வாங்கிக்கிறேன். ஏழு தலை இருந்தா அவங்க விசில் ஊதியே ஆகணும்.

— என் பேரு இன்னுமா உங்க டீம்ல இருக்கு?

— ஒரு தடவை பதிஞ்சது பதிஞ்சதுதான். கிளப் இருக்கிற வரைக்கும் அடிக்க மாட்டாங்க. நீயாதான் வராம இருந்தே.

— நானா? நானா வராம இருந்தேன்?

— உன் வீட்டுக்காரர் வேணாம்னுட்டார்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க.

— பேசுவீங்க. அந்த மனுஷன் தலையில போட்டுட்டா எல்லாருக்கும் சௌகரியம்தானே. போய் அவரோட சலூனைப் பாரு. நாம கோப்பை ஜெயிச்சப்ப பேப்பர்ல வந்த படம், கண்ணாடிக்கு மேல இன்னும் தொங்குது. முடிவெட்ட வர்ற ஒருத்தரையும் விட மாட்டாரு, இதுதான் என் சம்சாரம்னு காட்டிட்டுத்தான் கத்தரியையே எடுப்பாரு. அவரா வேணாம்னாரு?

— அப்ப என்னதான் ஆச்சு? இன்னைக்காவது சொல்லு.

— பொண்ணு பொறந்து, உடம்பு தேறி, குழந்தையை அவர்கிட்ட விட்டுட்டு வந்தேன். கால்ல செருப்பு நிக்கல, அவ்வளவு சந்தோஷம். கிரவுண்டு கேட்டுகிட்ட வந்து பாக்குறேன், புதுசா சேர்ந்த அந்தக் கொக்கு என் சட்டையைப் போட்டுக்கிட்டு ஓடிட்டிருக்கா. ஒன்பதாம் நம்பர். நான் தைச்சது, என் அளவுக்குத் தைச்சது. அவளுக்கு இடுப்புக்கு மேல நிக்குது, அதையும் போட்டுக்கிட்டு ஓடுறா. நீங்க எல்லாரும் அவளுக்குப் பந்தைக் கொடுக்குறீங்க. அப்படியே திரும்பிட்டேன்.

— இதுக்கா?

— இதுக்குத்தான்.

— வாத்து, பதினோரு சட்டைதான்டி இருந்துச்சு. புதுசா வந்தவளுக்கு வேற எதைக் கொடுப்பாங்க?

— டெய்லர்கிட்டயா சட்டைக்குப் பஞ்சம்? வீட்டுக்கு ஒருத்தி வந்து, இன்னொண்ணு வேணும்டின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, குழந்தையை மடியில போட்டுக்கிட்டே தைச்சுக் கொடுத்திருப்பேன். ஒருத்திக்குத் தோணல. ஏன் வரலேன்னு கேக்கவும் ஒருத்தி வரல. எனக்கு அப்ப ஆத்தாமையா இருந்துச்சு. நாள் போகப்போக வெக்கமா ஆயிடுச்சு. ஒரு சட்டைக்காகப் போனேன்னு எப்படி வெளிய சொல்றது? அவரு பேரைச் சொல்லிட்டீங்க, நானும் இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

— நான் வந்திருக்கணும்.

— வந்திருக்கணும். நீதான் கேப்டன்.

— எனக்குப் பேசத் தெரியாது. உனக்கே தெரியும்.

— தெரியும் தெரியும். உன்னை வையுறதுக்கும் மனசு வரமாட்டேங்குது, அதான் என் தலையெழுத்து. அந்தக் கத்தரியை இப்படித் தள்ளு. இந்த நூலையெல்லாம் பிரிச்சாத்தான் நம்பர் உக்காரும்.

— தைக்கப்போறியா?

— தைக்கிறதால வர்றேன்னு அர்த்தம் இல்ல. கையில கொடுத்தா தைக்கிற ஜென்மம் நான். இந்த வாசனையைப் பாரேன், இன்னும் ஆஸ்பத்திரி சோப்பு வாசனை அடிக்குது. மேட்ச் முடிஞ்சதும் பெரியக்கா எல்லார் சட்டையையும் புடுங்கிக்கும், ஞாபகமிருக்கா?

— வார்டு விரிப்போட சேர்த்துப் பெரிய மிஷின்ல போட்டுடும்.

— காயுறதும் அங்கயே. ஒரு வீட்டுக் கொடியிலயும் அந்தப் பச்சைச் சட்டை தொங்கினது கிடையாது. எல்லார் வீட்லயும் ஓவர்டைம்னு நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. என் மாமியார் பாவம், ஓவர்டைம் பாத்து வந்தவன்னு கால் பிடிச்சு விடும். நானும் வெக்கமில்லாம நீட்டிக்கிட்டுக் கிடப்பேன்.

— பாய்லர் ஆறுற நேரத்துல ஆட ஆரம்பிச்சது. யாரு நினைச்சா கிளப் ஆகும்னு.

— ஈர விரிப்புக்கு நடுவுல ஆடுனோம் பாரு, அதைச் சொல்லு. பந்து விரிப்புல பட்டா ஃபவுல். ஏன்னா அதை மறுபடி நாமதானே துவைக்கணும். அதனால பந்தைத் தூக்கியே அடிக்க மாட்டோம். நான் குனிஞ்சு குனிஞ்சு விரிப்புக்கு அடியில போவேன், வாத்து மாதிரி போறான்னு பெரியக்கா சொன்னது அப்படியே ஒட்டிக்கிச்சு.

— முதல் மேட்ச்சை மறந்துட்டியே.

— மறக்கிற மாதிரியா ஆடுனோம்? அவங்க ஒருத்தி பந்தை வானத்துக்கு அடிச்சா. நாம பதினோரு பேரும் ஃபவுலுன்னு அப்படியே நின்னுட்டோம், விசில் ஊதுவாங்கன்னு. பந்து கீழ வந்து, அவங்க எடுத்து, உன்னைத் தாண்டி உள்ள போட்டுட்டுப் போயிட்டாங்க. நீயும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறே.

— ஃபவுல்தானேன்னு நினைச்சேன்.

— எத்தனை கோல் வாங்குனோம் அன்னைக்கு. அடுத்த வருஷம் அதே டீம் நம்ம காலடியில கிடந்துச்சு. தரையோட ஆடுறாங்கய்யா, இவங்ககிட்ட பந்தைப் புடுங்கவே முடியலைன்னு நம்மளப் பாத்து ஊரே சொல்லிச்சு. கோப்பையும் வாங்குனோம்.

— வாங்காம இருந்திருக்கலாம்.

— ஏன்க்கா அப்படிச் சொல்றே?

— கோப்பை வாங்குனதாலதானே படம் பேப்பர்ல வந்துச்சு. படம் வந்ததாலதானே எல்லார் வீட்லயும் தெரிஞ்சுது ஓவர்டைம் என்னன்னு. மறுநாள் லாண்டரிக்கு வந்தா பாதிப் பேர் கண்ணு வீங்கி வந்தாளுங்க. அப்புறம் ஒவ்வொருத்தியா ஆட்டத்தை விட்டுட்டாளுங்க. தோத்துக்கிட்டே இருந்திருந்தா இன்னும் ஆடிக்கிட்டு இருந்திருப்போம். நான் தனியா உக்காந்து இதையேதான் நினைச்சுக்கிட்டு இருக்கேன். நாம ஜெயிச்சோம், அதோட போச்சு.

— தனியாவா? லாண்டரியில யாரும் இல்லையா?

— மிஷினை எல்லாம் கழட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க. துணி வெளிய ஏதோ கம்பெனிக்குப் போகுது. அந்த ரூம்ல நான், ஒரு நாற்காலி, காயப்போடுற கம்பி நாலு. சாவியை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். கிரவுண்டு போச்சுன்னா சாவிக்கும் வேலை இல்ல. எனக்குன்னு வீட்ல யாரு இருக்கா? சாயங்காலமானா போய் போஸ்ட்டுக்கு நடுவுல நிப்பேன், சும்மாவாவது. அதுவும் போயிடும்.

— அழாதேக்கா. நீ அழுது நான் பாத்ததில்ல, எனக்கு என்னவோ பண்ணுது.

— அழல. சரி விடு. நீ வந்தா ஏழு, வாத்து. நீதான் ஏழாவது. உன்னால ஒருத்தியாலதான் நிக்குது.

— இதேதான். பெரியக்காவும் இதேதான் சொல்லிச்சு என்கிட்ட. நல்ல மழை அன்னைக்கு, நான் கொடியில இருந்த துணியை அள்ளிட்டு உள்ள ஓடுறேன், இது நனைஞ்சுக்கிட்டே வாசல்ல வந்து நிக்குது. பத்துப் பேர் சரின்னுட்டாங்கடி, உன் ஒருத்தியாலதான் டீம் நிக்குதுன்னுச்சு. பத்துப் பேர் பாவத்தை நான் ஏன் கட்டிக்கணும்னு சரின்னேன். நான் மட்டும் வரலேன்னா இந்தக் கிளப்பே கிடையாதுன்னு அவர்கிட்ட இன்னைக்கும் பீத்திக்குவேன்.

— ம்.

— என்ன ம்? இல்லைங்கிறியா?

— இல்லைங்கல. நீ இல்லேன்னா கிளப் இல்லதான்.

— சரி, கேக்குறேன், யார் யாரைப் பாத்தே? கரண்டி இன்னும் கேண்டீன்லதான் இருக்காளா?

— இருக்கா. அடுப்பை விட்டுட்டு வந்து என் கையைப் புடிச்சுக்கிட்டு நின்னா.

— அவ வாயில்லாப் பூச்சி. கையைப் புடிச்சான்னா மனசு இளகிடுச்சுன்னு அர்த்தம். ஊசி?

— வார்டுலேருந்து நர்ஸ் டிரெஸ்ஸோட இறங்கி வந்தா. என்னைக் கட்டிப்புடிச்சு அழுதா.

— அவ அழுதுக்கிட்டேதான் எல்லாம் செய்வா. அழுதுக்கிட்டே கோல் போட்டவ. ரெட்டைங்க?

— ஒருத்திதான் வீட்ல இருந்தா. இன்னொருத்திக்கும் சேர்த்து அவளே பதில் சொல்லிட்டா.

— எப்பவும் அப்படித்தானே. கரண்டி, ஊசி, ரெட்டைங்க ரெண்டு, நீ. ஆறாவது யாரு?

— கொக்குகிட்டயும் போனேன்.

— ஓ.

— அவகிட்டதான் இந்தச் சட்டை இருந்துச்சு. பெட்டிக்கு அடியில மடிச்சு வச்சிருந்தா. எடுத்துக் கொடுத்து, இதை வாத்துகிட்டயே கொடுத்துடுங்கக்கான்னா. இது எப்பவுமே என்னோடது இல்லைன்னா.

— அப்படியா சொன்னா?

— அப்படித்தான் சொன்னா.

— தெரிஞ்சிருக்கு அப்ப அவளுக்கு. நான் கேட்டுலேருந்து திரும்பிப் போனதைப் பாத்திருக்கா. அந்தப் பொண்ணு இத்தனை வருஷமா அதை மனசுல வச்சுக்கிட்டு இருந்திருக்கா, நான் பாட்டுக்கு அவளைத் திட்டிக்கிட்டே பாவாடை தைச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

— சின்னப் பொண்ணுடி அவ அப்ப. கொடுத்தாங்க, போட்டுக்கிட்டா.

— ஆமா. அவ என்ன செய்வா. லைட்டைப் போடுக்கா, நூல் கோக்க முடியல. கண்ணு கலங்கினா ஊசிக்காதும் தெரிய மாட்டேங்குது.

— போட்டுட்டேன்.

— சரி. வர்றேன்.

— நிஜமாவா?

— வர்றேன்னு சொல்லிட்டேன்ல. அந்தம்மாவுக்கு ஃபோன் போட்டு சாயங்காலமா வரச்சொல்லணும், வையும், வையட்டும். இவரு சலூனைச் சாத்திட்டு வந்து நிப்பாரு பாரு நாளைக்கு, கையும் ஓடாது காலும் ஓடாது அவருக்கு. ஆனா இந்தச் சட்டை எனக்குள்ள நுழையாதுக்கா. ரெண்டு பக்கமும் பட்டை வச்சு அகலமாக்கணும். பச்சைத் துணி இல்ல, பாவாடைத் துணியில வைக்கிறேன். நீலமும் பச்சையுமா கோமாளி மாதிரி இருப்பேன். இருந்துட்டுப் போறேன்.

— வாத்து.

— சும்மா நிக்கிறதெல்லாம் எனக்கு ஆகாது, சொல்லிட்டேன். ஏழு பேரை வச்சு எப்படி நிக்கிறதுன்னு ஒரு கணக்கு இருக்கு. கரண்டியையும் ரெட்டைங்களையும் உனக்கு முன்னாடி நிறுத்திடு. ஊசி நடுவுல. கொக்குதான் முன்னாடி போகணும், அவளுக்குத்தான் கால் நீளம். நான் அவளுக்குப் பின்னாடி நின்னு பந்தை எடுத்துக் கொடுக்கிறேன். தரையோடதான் கொடுப்பேன், தூக்கமாட்டேன். ஒரே ஒரு கோல் போட்டுட்டா போதும்க்கா, அப்புறம் எத்தனை வாங்கினாலும் கவலை இல்ல.

— வாத்து, கொஞ்சம் நிறுத்து.

— கொக்கு நம்பர் இருக்கா உன்கிட்ட? ஃபோனை இப்படிக் கொடு. நானே பேசுறேன். சட்டையை அவளே போட்டுக்கட்டும், நான் இன்னொண்ணு தைச்சுக்கிறேன்னு சொல்லிடுறேன். ராத்திரிக்குள்ள ஒண்ணு தைக்க மாட்டேனா?

— ஃபோன் வேணாம்.

— ஏன், அவ பேச மாட்டாளா? நான்தானே கூப்பிடுறேன். கொடு.

— பெரியக்கா வார்டுல கடைசியா கிடந்தப்ப, என்கிட்ட ஒண்ணு சொல்லிச்சு. வாத்துகிட்ட மட்டும் சொல்லிடாதேன்னு சொல்லிட்டுப் போச்சு.

— என்னது?

— அன்னைக்கு மழையில உன் வீட்டுக்கு வந்துச்சே. பத்துப் பேர் சரின்னுட்டாங்கன்னு.

— ஆமா.

— ஒருத்தியும் சொல்லியிருக்கல. உன் வீட்டுக்குத்தான் முதல்ல வந்திருக்கு. அடுத்த வீட்டுக்குப் போய் அங்கயும் பத்துப் பேர் சரின்னுட்டாங்க, நீ ஒருத்திதான்னு சொல்லியிருக்கு. எல்லார் வீட்லயும் அதேதான். பதினோரு பேரும், நம்மாலதான் நிக்குதுன்னு நினைச்சு வந்திருக்கோம்.

— நான் கடைசி இல்லையா அப்ப?

— நீதான் முதல்.

— படுபாவி. இத்தனை வருஷம் என்னைப் பீத்த விட்டு வேடிக்கை பாத்திருக்கு. சரி, செத்தவகிட்ட என்ன சண்டை. இதை எதுக்கு இப்ப சொல்றே? நீ ஏன்க்கா என் முகத்தைப் பாக்க மாட்டேங்கறே?

— பெரியக்கா உன் வீட்டுக்கு முதல்ல வந்துச்சு. நான் கடைசியா வந்திருக்கேன், வாத்து. எல்லார் வீட்டுக்கும் போயிட்டு வந்திருக்கேன். எல்லார்கிட்டயும் நீதான் ஏழாவதுன்னுதான் சொன்னேன்.

— கரண்டி கையைப் புடிச்சான்னியே.

— மன்னிச்சிருங்கக்கான்னு புடிச்சா.

— ஊசி? கொக்கு? யாருமே வரலையாக்கா?

— நீ வர்றேன்னு சொன்னியே.